சொந்த மெட்டில்

காண்டர் செத்தால் அவருடைய வீட்டோடு அவருடைய மகளும் சேர்ந்துதான் என்பது வைடன்ரோடே ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தேவாலயத்தின் இசையைக் கவனித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாட்டும் லத்தீனும் சொல்லிக்கொடுப்பவர் காண்டர். அவர் கண்ணை மூடினால், அடுத்து வருபவருக்கு வேலை, வீடு, வருடத்துக்கு எட்டு வண்டி விறகு, பெண்டாட்டி என்று எல்லாம் ஒரே மூட்டையாகக் கிடைக்கும். மாட்டை வாங்கினால் கயிறு இலவசம். இந்த முறை அந்தக் கயிறு சிபில்லா ஹார்ட்னாகல், வயது முப்பத்தொன்று. கயிறு என்ற சொல்லை யாராவது அவள் காதுபடச் சொல்லியிருந்தால் மைக்கூடு பறந்திருக்கும்.

அப்பா ஹார்ட்னாகல் ஈஸ்டர் முடிந்த வாரத்தில் போய்ச் சேர்ந்தார். விதவைக்கு அரை வருடம் இரக்கம் காட்டுவது வழக்கம். செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாள் வரை வீட்டில் இருக்கலாம். அதற்குப் பிறகு சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் இரண்டு பேர் வந்து சோதனைக்குப் பாடிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். முதலாமவர் மூக்கால் பாடினார். இரண்டாமவர் நன்றாகவே பாடினார், ஆனால் சிபில்லாவோடு அரைமணி நேரம் பேசிவிட்டு, தபால் வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். அம்மா குனிகுண்டா மூன்று நாள் மகளோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசினாள், அது இன்னும் மோசமாக இருந்தது.

மூன்றாவதாக வந்தவர்தான் லெபரெக்ட் டிட்மான். நகர சபை அவருக்கு முன்கூட்டியே ஒரு ஞானப்பாட்டை அனுப்பியிருந்தது: "கதவைத் திற, காலை வந்தது." அதை வைத்து ஒரு கான்டாட்டா, அதாவது குரலும் வாத்தியமும் சேர்ந்த பல பகுதிப் பாட்டு, எழுதிக்கொண்டு வர வேண்டும், திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் பதினான்காம் ஞாயிறன்று பிரசங்கத்துக்கு முன் பாடிக் காட்ட வேண்டும், அதுதான் சோதனை. முதல் சரணம் எல்லாக் குரலும் எல்லா வாத்தியமும் சேர்ந்த பெரிய பாட்டு. நடுச் சரணங்கள் தனிக் குரலுக்கு. கடைசிச் சரணம் எளிமையாக, சபை முழுக்க எழுந்து நின்று கூடப் பாடும்படி. எதை எப்படி அலங்கரித்தாலும் அடியில் ஓடுவது ஜனங்கள் தொட்டிலிலிருந்து கேட்ட அந்த ஞானப்பாட்டின் மெட்டாக இருக்க வேண்டும்.

ஞானப்பாட்டுப் புத்தகத்தில் மெட்டு அச்சடித்திருக்காது, வார்த்தை மட்டும்தான். தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு வரி: "தன் சொந்த மெட்டில் பாடவும்." நகர சபை குமாஸ்தா அந்த வரியையும் மறக்காமல் அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பியிருந்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

புதன்கிழமை மதியம் டிட்மான் வந்து கதவைத் தட்டியபோது வெளியே கொட்டுகிற மழை. ஆள் நெட்டை. காலுறை முழங்கால் வரை சேறு. அவர் தலைமுதல் கால்வரை நனைந்திருந்தார். கோட்டுக்குள் கட்டிப்பிடித்திருந்த காகிதக் கட்டில் மட்டும் ஒரு சொட்டு ஈரமில்லை. அம்மா கொடுத்த பீர் சூப்பை மூன்று கிண்ணம் குடித்தார். சாப்பிடுகிற ஆம்பிளையைக் கண்டால் அம்மாவுக்கு உடனே பிடித்துவிடும். சிபில்லா காகிதக் கட்டை மட்டும் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

முழுப் பிரதியிலிருந்து ஒவ்வொரு பாடகனுக்கும் ஒவ்வொரு வாத்தியக்காரனுக்கும் தனித்தனித் தாள் எழுதுவது அவள் வேலை. பதினோரு வருடமாக அப்பாவுக்கு அதைச் செய்து வந்தாள், ஆகையால் நகர சபையும் யோசிக்காமல் அவளிடமே விட்டுவிட்டது. நகர சபைக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. கடைசி இரண்டு குளிர்காலம் அப்பாவுக்குக் கை நடுங்கியது. மேல் குரலையும் கீழ்க் குரலையும் மட்டும் அவர் எழுதிவிட்டுத் தூங்கிப்போவார், நடுக் குரல்களை அவள் நிரப்புவாள். "ஹார்ட்னாகலுக்கு வயசாக ஆகச் சரக்கு ஏறுது" என்று ஊரே மெச்சியது. அவர் அவளுக்குச் சொன்ன நன்றி "ம்" என்ற ஓரெழுத்து.

முதல் பக்கத்தைப் புரட்டியதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மேல் குரலில் நீண்ட நீண்ட சுரங்களாக ஞானப்பாட்டு வந்தது, ஆனால் மெட்டு வேறு. வைடன்ரோடேயில் "கதவைத் திற" மெட்டு படியேறுகிற மாதிரி மேலே போகும். இது மேலிருந்து கீழே இறங்கியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், க்ரேயன்ஃபுர்ட்டில், அப்படித்தான் பாடுவார்கள். டிட்மானுக்குச் சொந்த ஊர் க்ரேயன்ஃபுர்ட்டையும் தாண்டி நாலு மணி நேர நடை. அந்தச் சீமை முழுக்க அதுதான் சொந்த மெட்டு. இன்னொன்று இருக்கும் என்று பாவம், மனுஷன் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

இரண்டு ஊருக்கும் ஆகாது. க்ரேயன் என்றால் காக்கை; ஊர்ப் பெயரிலேயே காக்கை இருப்பதால் அவர்களை இங்கே காக்கை என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்துப் பெரிய சண்டையில் படை வந்தபோது காக்கைகள் பாலத்துப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள் என்பது ஒரு கதை. பலகை இல்லை, ஒரு சினைப்பன்றி என்பது இன்னொரு கதை. போன பெந்தெகொஸ்தே அன்று க்ரேயன்ஃபுர்ட் தச்சன் ஒருவன் இங்கே பீர்க்கடையில் அந்த இறங்கு மெட்டைச் சீட்டியடித்து, நெற்றியில் மூன்று தையல் வாங்கிக்கொண்டு போனான். அந்த மெட்டைத்தான் இந்த மனுஷன் புனித நிக்கோலாஸ் தேவாலயத்தில், மேயர் முன்னால், இருபது பேரை வைத்து முழங்கப் போகிறார்.

அப்போதே கீழே இறங்கிச் சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. இவர் விழுந்தால் கயிறு அவிழ்ந்தது, அவ்வளவுதான். கெட்ட எண்ணம் என்று அவளுக்கே தெரியும். இரவு ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டாள். மறுநாளும் சொல்லவில்லை.

ஆனால் பாட்டு எழுத எழுத அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. காரணம், பாட்டு நன்றாக இருந்தது. நன்றாக என்றால், மூன்றாவது பகுதியில், 'எவ்வளவு நேரமாய் வாசலில் நிற்கிறீர், நான் தூங்கிவிட்டேனே' என்று ஒரே ஒரு ஆண்குரல் பாடுகிற இடத்தில் அவள் எழுதுவதை நிறுத்தினாள். இறகுப் பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். எதிர்வீட்டு ரொட்டிக்காரன் பிளம் பழம் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தான். அவனைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு வந்து திரும்ப உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் டிட்மானே மாடிக்கு வந்தார். சும்மா இருக்கக் கை அரிக்கிறது, கோடாவது போட்டுத் தருகிறேன் என்று, ஐந்து நாக்குப் பேனாவை எடுத்துக் காகிதத்தில் ஐந்து ஐந்து கோடாக இழுக்கத் தொடங்கினார். நேராகவே இழுத்தார். காய்ந்த தாள்களை அடுக்கும்போது வியோலா வாத்தியக்காரனுக்கான தாள் கையில் வந்தது. அதைப் பார்த்தபடியே வாய்க்குள் முனகினார், முழுப் பிரதியை எடுத்துப் பார்த்து மறுபடி முனகினார்.

"இந்த இடம் நான் எழுதினது இல்லையே."

"நீங்க எழுதினது தப்பு" என்றாள் சிபில்லா, தலையைத் தூக்காமல். "வியோலாவும் கீழ்க் குரலும் கைகோத்துக்கிட்டு ஒரே தூரத்துல நடந்து போகுது. எங்கப்பாவா இருந்தா காதைத் திருகியிருப்பார்."

அவர் இன்னொரு தரம் முனகிப் பார்த்தார். "ஆமா. உங்களுதுதான் சரி" என்றார். பிறகு உட்கார்ந்து கோடு போட ஆரம்பித்தார். அவ்வளவுதான். கோபமில்லை, அசட்டுச் சிரிப்பில்லை, பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்ற கேள்வியும் இல்லை. அந்த வீட்டில் ஒரு ஆம்பிளை அவளைப் பார்த்து "உங்களுதுதான் சரி" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சிபில்லாவுக்கு எழுத்து ஓடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். நகர சபை அனுப்பிய கடிதத்தில், வேலைக்கு வருகிறவர் 'வீட்டோடு சேர்ந்த எல்லாப் பொறுப்பையும்' ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இரண்டு இடத்தில் எழுதி, இரண்டாவது இடத்தில் கோடும் போட்டிருந்ததாம்.

"கூரை அவ்வளவு மோசமா ஒழுகுதா?" என்றார். "ரெண்டு நாளா அண்ணாந்து பார்க்கறேன், எனக்கு ஒண்ணும் தெரியலை. எவ்வளவு ஓடு மாத்தணும்னு சொன்னா நல்லது."

சிபில்லா பேனாவைக் கீழே வைத்தாள். அவர் முகத்தில் கள்ளம் இருக்கிறதா என்று பார்த்தாள். மருந்துக்கும் இல்லை.

"கூரை ஒழுகலை" என்றாள். "அந்தப் பொறுப்பு நான்தான்."

டிட்மானுக்கு அது உள்ளே இறங்க நேரமாயிற்று. இறங்கியதும் காது நுனிவரை சிவந்து, எழுந்து, கோடு போட்ட தாளெல்லாம் சரியக் குனிந்து பொறுக்கி, மன்னிக்கணும், சத்தியமாகக் கூரை என்றுதான் நினைத்தேன், ஊரில் என் தம்பியிடம் ஆணிகூடச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று உளறினார். ஆணி என்ற இடத்தில் சிபில்லாவுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. ஈஸ்டரிலிருந்து அவள் சிரிக்கவே இல்லை. அதனால் எல்லாம் சேர்ந்து வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்து முடித்தபோது, இந்த ஆளைக் கவிழ்க்க இனித் தன்னால் ஆகாது என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. மெட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். புதன்கிழமையே தெரியும் என்பதையும், ஏன் மறைத்தாள் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

அவர் கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தாள். அவரோ, உங்கள் ஊர் மெட்டைப் பாடிக் காட்டுங்கள் என்றார். அவள் பாடினாள்.

"நல்ல மெட்டு" என்றார் டிட்மான் வருத்தத்தோடு. "எங்களுதைவிட நல்லா இருக்கு. அதுதான் எரிச்சலா இருக்கு."

இது அவருக்கு ஐந்தாவது சோதனை. முதல் ஊரில் நடுப்பாட்டில் ஆர்கனின் துருத்தி கிழிந்தது. இரண்டாவது ஊரில் மேயருக்கு மருமகன் ஒருவன் இருந்தான். மூன்றாவதில் இவருக்கே தொண்டை கட்டிவிட்டது. நாலாவதில் எல்லாம் நன்றாக நடந்து, வேலையும் கிடைத்து, மறுவாரம் அந்தத் தேவாலயமே இடி விழுந்து எரிந்துபோனது. இதையெல்லாம் அடுத்த வீட்டுக்காரனுக்கு நடந்தது போலச் சொல்லிவிட்டு, நாளைக் காலைத் தபால் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

"எல்லாரும் அந்த வண்டியையே கேளுங்க" என்றாள் சிபில்லா. கேட்ட கேள்வியில் அவளுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

முதல் பாட்டை மாற்ற வழியில்லை, நாற்பது பக்கம். கடைசிச் சரணத்தை மாற்றலாம், ஒரு பக்கம்தான். எப்படியும் கடைசிச் சரணத்தில் ஜனங்கள் தங்கள் மெட்டைத்தான் பாடுவார்கள். மேலே மாடத்தில் வாத்தியக்காரர்கள் எதை வாசித்தாலும் சரி, சக்கரவர்த்தியே வந்து நின்றாலும் சரி. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் நாய்ச்சண்டை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிபில்லாவுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. அவர்கள் குடும்பத்தில் கல்யாணம் என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொரு பாட்டை ஒரே சமயத்தில் பாடி, எது எதோடு ஒட்டுகிறது என்று பார்ப்பார்கள். சந்தைப்பாட்டும் ஞானப்பாட்டும் சாராயப்பாட்டும் சேர்ந்து கும்மாளம் போடும். ஒரு கல்யாணத்தில் அவள் இந்த இரண்டு மெட்டையும் மோதவிட்டிருக்கிறாள். அப்பா முதுகில் ஒன்று வைத்தார், அதனால் கதை பாதியில் நின்றது. ஆனால் நின்றவரை, மெட்டு இரண்டும் ஒட்டியது.

டிட்மான் மூலையில் இருந்த சின்ன விசைப்பலகை வாத்தியத்தின் முன் உட்கார்ந்து இறங்கு மெட்டை வாசித்தார். அவள் ஏறு மெட்டைப் பாடினாள். முதல் வரி ஒட்டியது. இரண்டாவதும் மூன்றாவதும் கைகோத்துக்கொண்டு போயின. நாலாவது வரியில் பல்லில் மணல் கடிபட்ட மாதிரி ஒரு சத்தம். அம்மா கரண்டியோடு படியேறி வந்து, "என்னடி, பூனையை மிதிச்சுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து, வேறொன்றும் கேட்காமல் மெல்ல இறங்கிப் போனாள்.

சனிக்கிழமை காலையில் போதகர் டிட்மானைக் கூப்பிட்டனுப்பினார். காண்டராக வருகிறவருக்கு விசுவாசம் சரியாக இருக்கிறதா என்று தோண்டிப் பார்ப்பது வழக்கம், அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஒத்திகையோ மதியம் இரண்டு மணிக்கு. அவரை அனுப்பிவிட்டுச் சிபில்லா கதவைத் தாழிட்டாள். ஊர் மெட்டைச் சபை ஜனங்களுக்கும் மேல் குரலுக்கும் கொடுத்தாள், அதற்கும் மேலே காக்கை மெட்டைக் கொம்புக்குக் கொடுத்தாள், கீழே மூன்று குரல்களை எழுதினாள். நாலாவது வரியில் வந்து மாட்டிக்கொண்டாள். கிழித்தாள், எழுதினாள், கிழித்தாள். கடைசியில், கொம்பு இறங்க வேண்டிய இடத்தில் அதை ஒரே ஒரு தாளத் தட்டு தாமதிக்கவிட்டாள். மற்றவர்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அது மட்டும் பழைய சுரத்தில் நின்று, அப்புறம் இறங்கியது. மணல் கடிக்கவில்லை. வலித்தது, ஆனால் வேண்டும் என்று தோன்றுகிற வலி.

டிட்மான் வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றபடி படித்தார். கீழ்க் குரலில் ஒரு சுரத்தை மாற்றினார். மறுபடி படித்தார். மாற்றியதை அடித்துவிட்டு அவள் எழுதியதையே திரும்ப எழுதினார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

ஒத்திகையில் சண்டை வந்தது. ஊர் வாத்தியக்காரர்களுக்குத் தலைவர் ரூட்கர். தோல் சுற்றிய தன் மரக்கொம்பைத் தவிர உலகத்தில் எதையும் மதிக்காதவர். தாளைப் பார்த்ததும் கொம்பைப் பையில் போட்டுக் கட்டிவிட்டார். காக்கை மெட்டை ஊதினால் என் அப்பன் கல்லறையிலிருந்து எழுந்து வருவான் என்றார். டிட்மான் கெஞ்சினார், ஆள் மசியவில்லை. தாள் கொடுக்க வந்த சிபில்லா மாடிப்படியருகே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லை, விடுங்க" என்றாள் டிட்மானிடம், ரூட்கருக்குக் கேட்கிற மாதிரி. "இது கஷ்டமான இடம், ரூட்கர் மாஸ்டருக்கும் மூச்சு முன்ன மாதிரி இல்லை. க்ரேயன்ஃபுர்ட்ல ஒருத்தர் நல்லா ஊதுவாராம், சொல்லியனுப்பினா வந்துடுவார்."

கொம்பு பையிலிருந்து வெளியே வந்தது.

ஞாயிறு காலை தேவாலயத்தில் எள் போட்டால் கீழே விழாது. விஷயம் எப்படியோ கசிந்து, க்ரேயன்ஃபுர்ட்டிலிருந்து ஏழு பேர் பாலம் தாண்டி வந்து தூணோரம் நின்றார்கள். பெண்கள் வரிசையில் அம்மாவும் சிபில்லாவும் உட்கார்ந்திருந்தார்கள். டிட்மான் வேலை வாங்கினால் தன் கதை என்ன, வாங்காவிட்டால் என்ன என்பதெல்லாம் சிபில்லாவுக்கு அப்போது மறந்துபோயிருந்தது. தான் எழுதிய அந்த ஒரு பக்கம் எடுபட வேண்டும், அதுதான் ஒரே தவிப்பு.

முதல் பாட்டு முழங்கியது. மேல் குரல் மேலிருந்து இறங்கியதுதான் தாமதம், வரிசைக்கு வரிசை தலை திரும்பியது. "ஏன்டி, இது அவனுங்க மெட்டு இல்லையா?" என்றாள் அம்மா. கொல்லன் தன் புத்தகத்தைப் பட்டென்று மூடியது மூன்று வரிசைக்குக் கேட்டது. நகர சபையாரின் தனி இருக்கையில் மேயர் ஓர்ட்லீபின் கழுத்து சிவந்து, சிவப்பு மேலேறி, பொய்முடிக்குள் போய் மறைந்தது. மேயருக்குச் சொந்தத் தொழில் பீர் காய்ச்சுவது; கொதி வரும்போது நுரை எப்படி ஏறும் என்று அவருக்கே தெரியும். நடுவில் அந்த ஆண்குரல் பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் அடங்கினார்கள். தூங்கிவிட்டேனே என்ற இடத்தில், எப்போதும் பிரசங்கத்தில் தூங்குகிற துணிக்கடைக்காரர் மூக்கைச் சிந்தினார்.

பிறகு கடைசிச் சரணம். சபை எழுந்து நின்றது. ஆர்கன் எடுத்துக் கொடுத்தது, சொந்த மெட்டு படியேறியது, அப்பாடா என்று அறுநூறு வாயும் திறந்தது. இரண்டாவது வரியில்தான் காதில் விழுந்தது, தலைக்கு மேலே கொம்பு வேறு எதையோ ஊதிக்கொண்டிருப்பது. காக்கை மெட்டு, அதுவும் நம் பாட்டின் தலைமேல் ஏறி. வைடன்ரோடேக்காரர்களை என்னவென்று நினைத்தீர்கள். இன்னும் உரக்கப் பாடினார்கள். தூணோரத்து ஏழு பேர் கொம்போடு சேர்ந்துகொண்டார்கள். ஏழு பேரும் நல்ல தொண்டைக்காரர்கள். அதைக் கேட்டதும் கொல்லன் பாடினான், அவன் எட்டுப் பிள்ளைகளும் பாடினார்கள், வருடக்கணக்கில் உதட்டை மட்டும் அசைத்து வந்த மேயர் இருக்கையின் கட்டையைப் பிடித்துக்கொண்டு பாடினார். ரூட்கர் விடுவாரா, தன் மூச்சு எப்படி இருக்கிறது என்று ஊருக்கே காட்டினார். வீம்புக்குப் பாடிய பாட்டுதான். ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே அப்படி ஒரு பாட்டு அதுவரை எழும்பியதில்லை.

நாலாவது வரி வந்தது. எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள், கொம்பு மட்டும் சேரவில்லை. அந்த ஒரு தட்டுக்கு அறுநூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கொம்பு இறங்கி வந்து உட்கார்ந்தது. சிபில்லா அழுதுகொண்டே சிரித்தாள். அவளுடைய பாட்டு, அவள் எழுதியது, அறுநூறு பேர் வாயில் இருக்கிறது, ஒருவருக்கும் தெரியாது. சந்தோஷம் தாங்கவில்லை. தெரியாதே என்ற எரிச்சலும் கூடவே இருந்தது.

ஆராதனை முடிந்ததும் நகர சபை அறையில் மேயரும் நாலு சபையாரும் பிளம் பழ கேக்கோடும் பீரோடும் உட்கார்ந்தார்கள். டிட்மானைக் கூப்பிட்டார்கள். வீட்டுப் பொறுப்பையும் கூப்பிட வேண்டுமல்லவா, அதனால் அம்மாவையும் மகளையும் கூப்பிட்டார்கள். மேயர் பொங்கி வழிந்துகொண்டிருந்தார். முதல் பாட்டில் எனக்கு ரத்தம் கொதித்தது உண்மை, ஆனால் கடைசியில்தானே புரிந்தது, காக்கையை உள்ளே விட்டு, நடுவீட்டில் வைத்து, நம்ம மெட்டால் அமுக்கிவிட்டீர்களே, என்ன மூளை ஐயா என்று டிட்மானின் தோளில் தட்டினார். அதே நேரத்தில் பாலத்தின்மேல் ஏழு பேர், நம்ம மெட்டு அவன்கள் தலைமேல் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தாயா என்று கைகொட்டிக்கொண்டு போனது அவருக்குத் தெரியாது, தெரிந்து ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை. வேலை உங்களுக்குத்தான் என்றார்.

டிட்மான் நன்றி சொல்லவில்லை.

"ஐயா, அந்தக் கடைசிப் பாட்டு நான் எழுதினது இல்லை. இவங்க எழுதினது. ஒவ்வொரு சுரமும். நான் ஒண்ணை மாத்தினேன், அது தப்பா இருந்தது."

மனுஷன் வாயைக் கொடுத்துக் கெட்டான் என்று சிபில்லா நினைத்தாள். ஐந்தாவது ஊரும் போயிற்று. அவரை உலுக்க வேண்டும் போலவும், அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் ஒரே சமயத்தில் இருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

மேயர் சிபில்லாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வைடன்ரோடேயின் வெற்றியைச் செய்தது ஒரு பெண்பிள்ளை என்பது ஒரு சிக்கல். சோதனைப் பாட்டை வந்தவரே எழுத வேண்டும் என்பது விதி, அது இன்னொரு சிக்கல். ஆனால் அந்த வெற்றியைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசில்லை. குமாஸ்தாவோடு குசுகுசுத்துவிட்டு நிமிர்ந்தார். பெண்டாட்டி செய்கிற வேலை புருஷன் கணக்கில்தான் வரும், அது சட்டம். ஆகவே இவர்கள் இருவரும் கல்யாணம் செய்துகொண்டால் பாட்டு முழுக்க டிட்மானுடையதே, விதியும் மீறப்படவில்லை என்றார். தன் புத்தியைத் தானே மெச்சி ஒரு வாய் பீர் குடித்தார்.

"என்னம்மா, காண்டர் பொண்ணு. சம்மதம்தானே?"

"முதல்ல என் பேரை எழுதுங்க" என்றாள் சிபில்லா.

எங்கே என்றார் மேயர். பாட்டின் கடைசிப் பக்கத்தில் என்றாள். அம்மா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். மேயர் யோசித்தார். அந்தக் காகிதம் நாளைக்கே அலமாரிக்குள் போகப்போகிறது, அதை எவன் எடுத்துப் பார்க்கப் போகிறான். எழுதித் தொலை என்று குமாஸ்தாவுக்குக் கை காட்டினார். குமாஸ்தா தன் அழகான கையெழுத்தில் எழுதினார், ஹார்ட்னாகலில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு. சிபில்லா அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி விட்டுப்போன எழுத்தைத் தானே போட்டாள். மணல் தூவி, ஊதி, காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எழுதியாச்சு. இப்ப சொல்லு" என்றார் மேயர்.

"நீங்க கேட்டா நான் சொல்லமாட்டேன், ஐயா. அவர் கேக்கட்டும்."

எல்லோரும் டிட்மானைப் பார்த்தார்கள். காலையிலிருந்து பட்டினி என்பதால் மனுஷன் அப்போதுதான் ஒரு துண்டு கேக்கை வாயில் போட்டிருந்தார். அவசரமாக விழுங்கினார். காது நுனி சிவந்தது. அவர் சபையாரைப் பார்க்கவில்லை, சிபில்லாவை மட்டும் பார்த்தார்.

"அடுத்த ஞாயிறுக்கு ஏழு நாள்தான் இருக்கு" என்றார். "இந்தத் தடவை ஆரம்பப் பாட்டை நீங்க எழுதுறீங்களா? பெரிய பாட்டு. நடுவுல வர்ற சின்னதெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

"எழுதுறேன்" என்றாள் சிபில்லா.

"யோவ்" என்று மேயர் மேசையைத் தட்டினார், "உன்னைக் கல்யாணத்தைக் கேக்கச் சொன்னா, நீ என்னமோ பாட்டைப் பத்திக் கேக்கறியே?"

"அவர் அதைத்தான் கேட்டார், ஐயா" என்றாள் சிபில்லா.